எல்லைக் கிராமங்களும் எமது ஒற்றைப் பத்திச் செய்திகளும்

கொழும்பில் அண்மையில் நடைபெற்ற சிறிய கூட்டமொன்றில் பேசும் வாய்ப்புக் கிட்டியபோது, 2006 ஜூன் 15ஆம் திகதி கெப்பிட்டிகொல்லாவையில் கிளைமோர்த் தாக்குதலுக்கு இலக்கான பஸ் வண்டியைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறினேன். காலை நேரத்தில் கிராமத்தவர்களை ஏற்றிச்சென்ற சாதாரண பஸ் அது. சிறுவர்கள் உட்பட 60க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். நான் கூறியது அவ்வளவுதான். இரண்டு நாட்கள் கழித்து, முன்னொரு காலத்தில் என்னோடு ஒரே மேசையில் பணியாற்றி, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏன் அண்ணை, இப்ப போய் உதுகளைக் கிளறுறியள்? எங்கட சனத்துக்கு நடந்ததுக்கே இன்னும் ஒரு நீதியும் கிடைக்கேல்லை. நீங்கள் கதைக்கிறதை அவங்கள் எடுத்துப் பாவிக்கப் போறாங்கள்."

அவருடைய கோபத்தில் பொய் இருக்கவில்லை. முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர் அவர். அவரிடம் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாமற்போனதையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

எல்லைக் கிராமம் என்ற சொற்றொடர் எமது பத்திரிகைத் தமிழில் எப்போது நுழைந்தது என்பதை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 1984 நவம்பர் 30ஆம் திகதிக்குப் பின்னர் அது அன்றாடச் சொல்லாகிவிட்டது என்பது நன்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைய தினம்தான் மணலாற்றுப் பகுதியின் கென்ற் பாம், டொலர் பாம் ஆகிய பண்ணைகள் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டன. அங்கு குடியமர்த்தப்பட்டிருந்த சிங்களக் கைதிகள், அவர்களுடைய மனைவி பிள்ளைகள், சிறைக்காவலர்கள் என 60 பேரளவில் கொல்லப்பட்டார்கள். மறுநாள் கொக்கிளாய், நாயாறு ஆகிய கரையோரங்களில் வாடியடித்திருந்த சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பண்ணைகளின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் இந்த விவகாரத்தில் எமது தரப்பு நியாயம் முழுவதும் அந்தக் கதைக்குள்தான் அடங்கியிருக்கிறது. அவை தமிழ் வர்த்தக நிறுவனங்கள் குத்தகைக்குப் பெற்றுச் செய்கைபண்ணிய நிலங்கள். 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியாப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களை எல்லைப்புறங்களில் குடியமர்த்தப் பாடுபட்டன. இந்தப் பண்ணைகளிலும் அத்தகைய குடும்பங்கள் வாழ்ந்தன. 1984இல் அவர்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் 'திறந்தவெளிச் சிறைச்சாலை' என்ற பெயரில் கொண்டுவரப்பட்டார்கள். வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் நிலத்தொடர்ச்சியை உடைப்பதே நோக்கம் என்பது அன்று எவருக்கும் தெரியாத இரகசியமல்ல. மகாவலிக் குடியேற்றங்களில் சம்பந்தப்பட்டிருந்தவர்களில் ஒருவரான மாலிங்க குணரத்ன, பின்னர் எழுதிய நூலில் அந்த நோக்கத்தை மறைக்கக்கூட முற்படவில்லை.

இவை அனைத்தும் உண்மை. கல்லோயா, பதவியா காலத்திலிருந்து தொடர்ந்த அரச குடியேற்றக் கொள்கைக்கு எதிராகத் தமிழர்கள் கிளர்ந்தெழுந்தது நியாயமே. நானும் அதைப்பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவன். எழுதியதில் ஒரு வரியையேனும் மீளப்பெற வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் கொள்கையை வகுத்தவர்கள் எவரும் அந்தப் பண்ணையில் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. அங்கு உறங்கியவர்கள் தண்டனைக் காலத்தில் சலுகை கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட ஏழைகளும் அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்களும் பிள்ளைகளுமே. அந்த நிலத்தின் வரைபடத்தையே அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். தங்களுக்கு முன்னர் அங்கு வாழ்ந்த மலையகத் தமிழரைப் போலவே அவர்களும் காணியற்றவர்கள். கேடயமாகப் பயன்படுத்துவதற்கென்றே அரசாங்கம் அவர்களை அங்கு கொண்டுபோய் வைத்தது என்று நாங்கள் குற்றஞ்சாட்டினோம். கேடயமென்று தெரிந்துகொண்டே அவர்களை வெட்டியவர்களைப் பற்றி என்ன எழுதினோம்?

'குடியேற்றவாசிகள்' என்று எழுதினோம். அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில் என் பங்கும் இருக்கிறது. 'சிங்களக் குடியேற்றவாசிகள் 50 பேர் பலி' என்று தலைப்பிட்டால் அங்கே மாண்டவர்களில் ஆறு மாதக் குழந்தை இருந்ததா, எழுபது வயதுக் கிழவி இருந்தாரா என்ற கேள்வியே வாசகருக்கு எழாது. அடுத்தது 'இனந்தெரியாதோர்'. எந்த இயக்கம் செய்தது என்று ஆசிரிய பீடத்தில் தேநீர் கொண்டுவரும் பையனுக்கும் தெரிந்திருந்த காலத்தில், எமது பத்திரிகைகளில் மட்டும் கொலையாளிகளின் இனம் தெரியாதிருந்தது. உலகில் வேறெந்த மொழியின் பத்திரிகையாளரும் அந்தச் சொல்லை எங்களளவு நம்பியிருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அச்சம் காரணமாகவே அப்படி எழுதினோம் என்று இன்று சொல்வது இலகுவானது. அதில் உண்மையும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்த எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அன்று வேறுவிதமாக எழுதிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. உண்மைகளைப் பதிவுசெய்த ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் அங்கம் வகித்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர் அதன் பின்னரும் கிழக்கின் சிங்கள, முஸ்லிம், தமிழ்க் கிராமங்களில் நடந்தவற்றை ஆவணப்படுத்தியது, பெயர் பெற்ற பத்திரிகை நிறுவனங்கள் எவையும் செய்யாத காரியம்.

ஆயினும் கொழும்பில் இருந்த எங்களுக்கு அச்சம் மாத்திரமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 1985 மே 14ஆம் திகதி அனுராதபுரம் பஸ் நிலையத்திலும் ஸ்ரீமகா போதி வளாகத்திலும் 146 பேர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, சில நாட்களுக்கு முன்னர் வல்வெட்டித்துறையில் இராணுவம் செய்த படுகொலையே எமது மனங்களில் நிறைந்திருந்தது. 'இப்போதாவது அவர்களுக்கு விளங்கட்டும்' என்று ஒருவர் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்த எவரும் அவரை மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. 'அவர்கள்' என்று அவர் குறிப்பிட்டது யாரை? யாத்திரை வந்திருந்த பெண்களையா? பஸ்ஸுக்குக் காத்திருந்த பாடசாலைப் பிள்ளைகளையா? அடுத்த நாளே நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் இருந்த தமிழர்கள், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். விளங்கவேண்டியவர்களுக்கு அனுராதபுரம் எதனையும் விளக்கவில்லை.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்ட காலத்தில், அனுராதபுர மாவட்டத்தின் வடபுறத்தில் உள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அதன் பெயரை இங்கு தவிர்க்கின்றேன். குளக்கட்டுக்குக் கீழே நாற்பது ஐம்பது வீடுகள். பல வீடுகளின் கதவுகள் பூட்டப்பட்டே கிடந்தன. ஒரு வீட்டின் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த வயோதிப மாது எனக்குத் தண்ணீர் தந்தார். எனது சிங்களத்தைக் கேட்டவுடனேயே நான் தமிழன் என்பதை அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காக முகம் சுளிக்கவில்லை.

ஏறக்குறைய பதினைந்து வருடங்களாகத் தாங்கள் இரவில் வீட்டில் படுத்ததே குறைவு என்றார் அவர். பொழுதுபட முன்னர் சமைத்து உண்டுவிட்டு, பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்களாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்குவதில்லை. இருமல் வந்தால் துணியை வாய்க்குள் திணித்துக்கொள்ள வேண்டும். குழந்தை அழுதால் தாயின் கை அதன் வாயில் இருக்கும். அவ்வாறு மூடிய கையின் கீழ் தமது உறவினர் ஒருவரின் குழந்தை மூச்சடங்கிப்போனதாகச் சொன்னார். ஊர்காவல் படையினருக்குக் கொடுக்கப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டேன். அவை யானை விரட்டக்கூடப் போதாது என்று சிரித்தார்.

நான் எழுந்து புறப்படும் வேளையில் அவர் கேட்டார்: "மகத்தயா, எங்கள் ஊரில் அன்றிரவு நடந்ததை உங்களுடைய பத்திரிகையிலும் போட்டார்களா?"

"போட்டோம் அம்மே" என்றேன். அது பொய்யல்ல. ஒற்றைப் பத்தியில், மூன்றாம் பக்கத்தின் அடியில், ஐந்தாறு வரிகளில் போட்டிருந்தோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

காட்டுக்குள் படுத்த இரவுகளும் குழந்தையின் வாயைப் பொத்திய கையும் எமது மக்களுக்குப் புதியவையல்ல. வன்னியிலும் மூதூர் கிழக்கிலும் படுவான்கரையிலும் இதே கதையைத் தமிழ்த் தாய்மாரிடம் எத்தனையோ தடவைகள் கேட்டு எழுதியிருக்கிறேன். அவை முதற்பக்கத்தில் வந்தன. அவ்வாறு வந்தது முற்றிலும் சரியே.

'பதிலடி' என்றொரு விளக்கமும் எம்மிடம் உண்டு. 1999 செப்டெம்பர் 15ஆம் திகதி புதுக்குடியிருப்பு மந்துவிலில் விமானப்படை குண்டுவீசி 20க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. மூன்று நாட்களின் பின்னர், 18ஆம் திகதி அதிகாலையில், அம்பாறை மாவட்டத்தின் ஒரு சிங்களக் கிராமத்துக்குள் நுழைந்தவர்கள் 50க்கும் மேற்பட்டோரை உறக்கத்தில் வெட்டிக் கொன்றார்கள். வெடிச்சத்தம் கேட்டால் இராணுவம் வந்துவிடும் என்பதால் கத்திகளும் கோடரிகளும். குண்டு வீசிய விமானியின் வீடு அந்தக் கிராமத்தில் இருக்கவில்லை. கட்டளையிட்டவர்கள் இருந்த இடத்துக்கும் அந்தக் குடிசைகளுக்கும் இடையில் ஒரு முழு நாடே கிடந்தது. எட்டக்கூடிய தூரத்தில், எதிர்க்கும் வலுவில்லாமல் இருந்தார்கள் என்பதைத் தவிர அந்த மக்களைத் தெரிவுசெய்வதற்கு வேறென்ன காரணம் இருந்திருக்க முடியும்?

பதிலடி என்ற சொல்லின் இன்னொரு பக்கத்தைப் பொலனறுவை மாவட்டத்தில் காணலாம். 1992 ஏப்ரல் 29ஆம் திகதி அளிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்தில் புலிகள் 50க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். சில மணித்தியாலங்களுக்குள், அயலில் இருந்த கறப்பொல, முத்துக்கல் ஆகிய தமிழ்க் கிராமங்களுக்குள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் புகுந்து அதற்குக் குறையாத தொகையினரைக் கொன்றார்கள். அந்த ஊர்களின் விவசாயிகள் ஒரே வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்தவர்கள், ஒரே சந்தைக்குப் போனவர்கள். தாக்கியவர்கள் இருளோடு காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். கறப்பொல மக்களுக்கு மறைவதற்கு இடம் இருக்கவில்லை. அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி அன்றிரவு திட்டமிட்டவர்கள் ஒரு கணமேனும் சிந்தித்தார்களா? அதே ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பள்ளியகொடல்லவில் 150க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது அவர்கள் எதையும் கற்றிருக்கவில்லை என்பது தெளிவாகியது.

1984 டிசம்பரிலும் இதுதான் நடந்தது. டொலர் பாம் தாக்குதலுக்கு அடுத்த சில நாட்களில் ஒதியமலை, செட்டிகுளம், மன்னார் என்று இராணுவத்தின் பழிவாங்கல் தொடர்ந்தது. ஒதியமலையில் ஆண்கள் வீடு வீடாகப் பிடித்துச் செல்லப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் அந்த மாதத்திலேயே தமது ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒரு தலைமுறையே அகதி முகாம்களில் முதுமையடைந்தது.

அறநெறியைப் பற்றிப் பேசினால் சிலருக்கு எரிச்சல் வருகிறது. சரி, வெறும் கணக்காகவே பார்ப்போம். குடியேற்றத்தைத் தடுப்பதற்காகவே அந்தத் தாக்குதல்கள் என்றார்கள். குடியேற்றம் நின்றதா? 1988இல் மணலாறு 'வெலிஓயா' ஆகியது. துப்பாக்கியோடு குடியேறுவதற்கும், காவலுக்கு முகாம்களை அமைப்பதற்கும், தமிழ்க் கிராமங்களைப் பாதுகாப்பு வலயமாக்குவதற்கும் அரசாங்கத்துக்குக் கிடைத்த காரணம் அந்தப் பிணங்களே. எல்லையில் சிந்திய இரத்தத்தினால் எல்லை எங்கள் பக்கமாகத்தான் நகர்ந்தது.

முஸ்லிம்களின் விடயத்தில் நாம் இழந்தது இன்னும் அதிகம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். 100க்கும் மேற்பட்டோர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும், 70,000க்கும் மேற்பட்டோர், வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் அந்தத் துளைகளை அவர்கள் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். தமிழ்பேசும் மக்கள் என்று மேடைகளில் முழங்கும் எமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம், யாழ்ப்பாண முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து வருத்தம் தெரிவித்து, பழையதை மறக்குமாறு கேட்டுக்கொண்டார். அது சிறிய விடயமல்ல. ஆனால் கொல்லப்பட்ட கிராமத்தவர்களுக்கு, சிங்களவரோ முஸ்லிமோ, அத்தகையதொரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்தப் படுகொலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புலிகள் பகிரங்கமாக உரிமை கோரியதேயில்லை. கெப்பிட்டிகொல்லாவையையும் மறுத்தார்கள்.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அரசாங்கம் இதைப் பயன்படுத்தும் என்கிறார். பயன்படுத்தும்தான். பல வருடங்களாகப் பயன்படுத்திக்கொண்டே இருக்கிறது. 1987 ஜூன் 2ஆம் திகதி 30க்கும் மேற்பட்ட பிக்குமார், பெரும்பாலும் இளம் சாமணேரர்கள், கொல்லப்பட்ட அரந்தலாவையில் பஸ் வண்டியையே நினைவுச்சின்னமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜெனீவாவில் 2009இன் இறுதி மாதங்களைப் பற்றிக் கேட்டால் அரசதரப்பு உடனே அரந்தலாவையையும் கெப்பிட்டிகொல்லாவையையும் தூக்கிப் பிடிக்கிறது. எல்லைக் கிராமத்து மக்களின் வாழ்க்கை அதனால் ஓர் அங்குலம்கூட உயரவில்லை. நான் சந்தித்த அந்த மாதுக்கு வைத்தியசாலைக்குப் போவதற்கு நாளொன்றுக்கு இரண்டு பஸ்களே இருந்தன. ஆனாலும் அவர்களுடைய சாவு கொழும்பின் கையில் ஓர் ஆயுதமாக இருப்பதற்கு எங்களுடைய மௌனமும் உதவியிருக்கிறது. எங்கள் வாயால் நாங்கள் சொல்லாதவரை, எங்களுக்கு எதிராகச் சொல்வதற்கென்றே அது அவர்களிடம் இருக்கும்.

இதைச் சொல்வதால் முள்ளிவாய்க்காலுக்கான கேள்வி பலவீனமடையும் என்று அஞ்சுகிறவர்கள், அந்தக் கேள்வியின் வலுவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். தடுக்கப்பட்ட உணவுக்கும் மருந்துக்கும், வைத்தியசாலைகள்மீது விழுந்த எறிகணைகளுக்கும், சரணடைந்த பின்னர் காணாமற்போனவர்களுக்கும் அரசு பதில் சொல்லியே தீரவேண்டும். அந்தக் கடப்பாடு கோணகலவின் பெயரை நாங்கள் உச்சரிக்காமல் இருப்பதில் தங்கியிருக்கவில்லை. மறுபுறத்தில், 'எமது பெயரால் செய்யப்பட்டது' என்று நாங்கள் ஒத்துக்கொள்ளாத ஒவ்வொன்றையும் காட்டி, தமது பெயரால் செய்யப்பட்டதைச் சிங்கள மக்களும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்.

அரச படைகள் தமிழர்மீது புரிந்த படுகொலைகளைப் பற்றி, ஊரும் பெயரும் வயதும் குறிப்பிட்ட தொகுப்புகள் தமிழில் வெளிவந்துள்ளன. பெரும் உழைப்பின் பலன்கள் அவை. அதே முறையில், அதே பொறுப்புணர்வோடு, எல்லைக் கிராமங்களில் கொல்லப்பட்ட சிங்களவர், முஸ்லிம்களின் விபரங்களும் தமிழில் தொகுக்கப்படவேண்டும். அரசாங்கம் அல்ல, நாங்கள் தொகுக்கவேண்டும். எமது பழைய பத்திரிகையாளர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். எந்தச் செய்தியை எப்படிச் சுருக்கினோம், எந்தச் சொல்லை யார் மாற்றினார்கள் என்பது எங்களுக்கே தெரியும். இதற்கு ஜெனீவாவின் அனுமதியோ கட்சிகளின் தீர்மானமோ தேவையில்லை.

தம்பியோடு கதைத்து முடித்த பின்னர், சுவடிக்கூடமொன்றில் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். 1999 செப்டெம்பர் 19ஆம் திகதி ஞாயிறு பதிப்பு. அந்த வாரம் மேசையில் நாங்கள் இருவருமே இருந்தோம். மந்துவில் குண்டுவீச்சின் தொடர்ச்சி முதற்பக்கத்தில் இரண்டு படங்களோடு இருக்கிறது. அம்பாறைச் செய்தி உட்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், இனந்தெரியாதோர் என்ற சொல்லோடு. கிராமத்தின் பெயரையும் பிழையாக அச்சிட்டிருக்கிறோம். அடுத்தடுத்த நாட்களின் இதழ்களையும் பார்த்தேன். திருத்தம் எதுவும் வெளியாகவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.